புதுப்பிப்பு: ஏலகிரி குளிரில் ஹீட்டர் சூடாகாத டீசல் கார்

மார்கழிக் காலையில் 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி மலையடிவாரப் பொன்னேரி வந்தாலும் டெம்பரேச்சர் முள் அசையவில்லை, ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு சரியாகவே இருந்தது. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கும் என்று ஒருவர் சொன்னாரே, கிட்டத்தட்ட அதுதான். திறந்து பார்த்தால் அந்த இடத்தில் தெர்மோஸ்டாட்டே இல்லை! முன்பு வேலூரில் ஒரு மெக்கானிக், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றியது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்கே ஓடினால் இன்ஜின் எப்படிச் சூடாகும்?

82 டிகிரியில் திறக்கும் புதியது போட்டாயிற்று. இப்போது கிளம்பிச் சிறிது நேரத்தில் முள் ஏறுகிறது, கண்ணாடிப் பனியும் விலகுகிறது. நின்றபடி கால் மணி நேரம் ஐடிலில் விடுவதை நிறுத்திவிட்டேன், டீசல்தான் வீண்.