கைத்தறிச் சேலையில் எது இயல்பு, எது குறைபாடு? சட்டம் அறிந்தவர்கள் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். தங்கையின் திருமணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டுச் சேலையில், முதல் முறை உடுத்தியபோதே உடலும் கரையும் சேரும் கோர்வை ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போனது. கைத்தறி என்றால் குறை இருக்கத்தான் செய்யும் என்கிறார் கடைக்காரர். இழை முடிச்சுக்கும் லேசான நிற வேறுபாட்டுக்கும் அது பொருந்தலாம் (அவற்றை நான் அழகென்றே கருதுகிறேன்). கோர்வை விடுவது அந்த வகையன்று.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10), சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரம், அளவு, தூய்மை முதலியவற்றில் நேரும் எந்தக் குறையையும் குறைபாடு என்றே கொள்கிறது. அப்படியானால் ரசீதில் “கோர்வைச் சேலை” என்று எழுதித் தந்திருப்பதே அளவுகோலாகுமா, அல்லது கோர்வை எவ்வளவு இழுவையைத் தாங்க வேண்டும் என்பதை நான் தனியாக நிறுவ வேண்டுமா?

சோதனையின்றித் தீர்மானிக்க முடியாத குறைபாடென்றால், பிரிவு 38இன்படி மாவட்ட ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக, அனுபவமுள்ள நெசவாளர் ஒருவரின் எழுத்துபூர்வமான கருத்தை ஆணையம் ஏற்ற வழக்கு ஏதேனும் உண்டா? புகாருக்கு இரண்டாண்டுக் கெடு இருப்பதால் நேரம் இருக்கிறது. சேலையை இன்னும் சரிசெய்யக் கொடுக்கவில்லை. கொடுத்தால் சான்று கெடுமா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.