விறகோட வர்ற எறும்பும் பூச்சியும்: உங்க பக்கம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

மஸ்கெலியா மருமகள்:
வைகாசி மழை தொடங்கிட்டா இலங்கை மலையகத்துல எங்க பக்கம் வெயிலைப் பார்க்கிறதே அபூர்வம். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து முடிஞ்ச மலையில மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) பொறுக்கிக் கட்டிக்கொண்டாந்து வீட்டு முன் இஸ்தோப்புல அடுக்கினா, அடுத்த நாளே கட்டெறும்பு சுவரோரமா வரிசை போடுது. அங்கேயிருந்து குசினி, சீனிப் போத்தல், பிள்ளை படுக்கிற பாய் வரைக்கும் வந்துடுது. 2022இல காஸ் தட்டுப்பாடு வந்தப்போ விறகடுப்புக்குத் திரும்பின வீடு எங்களுடையது. இப்ப சிலிண்டர் கிடைச்சாலும் சோறு, கறி எல்லாம் விறகுலதான். எங்க லயத்துல (வரிசை வீட்டுல) பக்கத்துக் காம்பராவுல மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்றாங்க. இன்னொருத்தர் தேயிலைக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் தெளின்னு சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. நீங்க என்ன செய்றீங்க?

பொகவந்தலாவை கவ்வாத்துக்காரர்:
தங்கச்சி, மருந்து வேண்டவே வேண்டாம். விறகுல தெளிச்ச மருந்து எரியும்போது புகையோட வந்து, அடுப்புக்கு முன்னால குந்தியிருக்கிற உங்க நெஞ்சுக்குள்ளதான் போகும். ஜன்னல் சின்னதா இருக்கிற லயக் குசினியில அது எங்கே வெளியேறும்? மண்ணெண்ணெயும் அப்படித்தான். நனைஞ்ச கட்டையை எரியுற அடுப்புகிட்ட கொண்டுபோனா தீ கைக்கே ஏறும்.

எறும்பு விறகைத் தின்னுறதில்ல. பட்டைக்குக் கீழே, உளுத்த பொந்துல கூடு மட்டும் வைக்கும். அதனால நான் பட்டையை உரிச்சிடுவேன். மொத்தக் கட்டைன்னா பொளந்துதான் அடுக்குவேன், சீக்கிரம் காயும், ஒளிஞ்சிருக்கவும் இடம் கிடைக்காது. மலையிலிருந்து கொண்டுவந்த கட்டை நேரா வீட்டுக்குள்ள போகக் கூடாது. வாசல்ல ஒரு கல்லுல நல்லாத் தட்டி, காத்தாட குறுக்கும் நெடுக்குமாப் போட்டு ஒரு பகல் விட்டுவைங்க. எறும்பு வெள்ளை வெள்ளையா வாயில கவ்விக்கிட்டு வரிசையா வெளியேறும். நம்ம ஆளுங்க அதை முட்டைன்னு சொல்வாங்க. அதுல பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான். குஞ்சுகளைத் தூக்கிக்கிட்டு வேற இடம் பார்த்துடுச்சுன்னா அந்தக் கட்டைக்குத் திரும்புறது குறைவு. கூட்டோட அடுப்புல தள்ளுறது பாவம்னு எங்க அப்பாயி சொல்லும். நானும் இன்னைக்கு வரைக்கும் தள்ளினதில்ல.

இன்னொண்ணு. மிலாறுத் தண்டுல குண்டூசி குத்தின மாதிரி வட்ட ஓட்டை இருந்தா, தோட்டத்து ஐயாமார் 'ஷொட் ஹோல் போரர்'னு சொல்ற சின்னக் கறுப்பு வண்டோட வேலை அது. தண்டைக் குடைஞ்சு, உள்ளே பூஞ்சணம் வளர்த்து, அதைத் தின்னுதான் வண்டும் குஞ்சும் வாழுது. பூஞ்சணத்துக்கு ஈரம் வேணும். தண்டு காய்ஞ்சா அதோட கதை முடிஞ்சுது, உங்க கூரைமரத்துக்கு அது ஏறாது. தேயிலைச் செடிக்குத்தான் அது எமன். காய்ஞ்ச கட்டையிலிருந்து மெல்லிசா மாவு மாதிரி மரத்தூள் கொட்டுதா பாருங்க, அது வேற வண்டு. மூங்கில், அல்பீசியா மாதிரி மரத்துல அது வரும், வீட்டு மரச்சாமானுக்கும் போகும். தூள் கொட்டுற கட்டையை வைச்சிருக்காம முதல்ல எரிச்சிடுங்க.

பதுளை தம்பி:
அண்ணே சொன்னதோட நான் கறையானைச் சேர்க்கிறேன். எங்க ஊர் உங்க மலையைவிடத் தாழ்வு, சூடும் அதிகம், இங்கே எறும்பைவிடக் கறையான்தான் தொல்லை. மண்ணுல நேரா அடுக்கின விறகுக்கு அடியிலிருந்து மண்குழாய் கட்டி ஏறி, சுவர்ல சாய்ச்சிருந்தா அப்படியே கூரைவரைக்கும் போயிடும். நாலு கல்லு வைச்சு, மேலே ரெண்டு கம்பு போட்டு, சுவர்லயிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குறோம். மண்குழாய் தெரிஞ்ச உடனே தட்டி உடைச்சிடலாம்.

பழைய தேயிலைத் தூர் தோண்டி விறகாக்குறவங்க கொஞ்சம் கவனமா இருக்கணும். உயிருள்ள செடிக்குள்ளேயே குடியிருக்கிற கறையான் வகை மலைநாட்டுல உண்டு. வெளியே மண்குழாய் எதுவும் தெரியாது, பொளந்தாத்தான் உள்ளே கூடு தெரியும். 1925இல தொடங்கின தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலதான் இருக்கு, சிறுதோட்டம் வைச்சிருக்கிறவங்க அங்கே கேட்கலாம்.

நுவரெலியா அக்கா:
1,868 மீட்டர் உயரத்துல இருக்கிறோம், குளிர்ல கறையான் தொல்லை எங்களுக்குப் பெரிசா இல்ல. ஈரம்தான். சைப்ரஸ், யூகலிப்டஸ் கட்டையில மரவட்டையும் பூரானும் சுருண்டு கிடக்கும். வெறும் கையை அடுக்குக்குள்ள விடாதீங்க, பிள்ளைகளை விறகெடுக்க அனுப்பாதீங்க. பனி விழுற தை, மாசியில பகல் வெயில் நல்லா இருக்கும், வருஷத்து விறகை அப்பவே சேர்த்துக் காயவைக்கிறோம். மழைக்காலத்துல அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் அடுப்புக்கு மேலே பரண்ல வைப்போம். சூட்டுலயும் புகையிலயும் எந்தப் பூச்சியும் தங்காது.

லிந்துல தோழி:
எல்லாரும் கட்டைக்குள்ள இருக்கிறதைச் சொல்றீங்க. மேலேயும் பாருங்க, தயவுசெஞ்சு. சவுக்குக் கிளை ஒடிக்கப் போறப்போ மரத்துல கூடு இருக்கான்னு பார்க்காம யாரும் கத்தி வைக்காதீங்க. கொழுந்து பறிக்கிற மலையிலேயே குளவி கொட்டி எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, உயிரும் போயிருக்கு. நாம குளவின்னு சொல்றதுல பல தடவை பெரிய மலைத்தேனீயும் அடக்கம். ஒண்ணு கொட்டினா அந்த வாசனைக்கே மத்ததெல்லாம் திரண்டு வரும். நின்னு கையை வீசாம, முகத்தை மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடுங்க. மூச்சு இறுகினாலோ நிறையக் கொட்டினாலோ நாட்டு வைத்தியத்துக்கு நேரம் கடத்தாம வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. என் கூட வேலை செய்த அக்காவை அப்படித்தான் காப்பாத்தினோம்.

மஸ்கெலியா மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை மாமாவோட சேர்ந்து அடுக்கைக் கல்லு மேலே மாத்துறோம். சுத்திச் சாம்பல் தூவினா பிரயோசனம் இருக்கா?

பொகவந்தலாவை கவ்வாத்துக்காரர்:
காய்ஞ்ச சாம்பல்னா எறும்பு தாண்டத் தயங்கும். சாரல் பட்டு நனைஞ்சுட்டா அதுக்குப் பிரயோசனம் இல்ல, அள்ளிட்டுப் புதுசா தூவணும். சூடான சாம்பலை விறகுகிட்ட கொண்டுபோகாதீங்க, உள்ளே நெருப்பு இருக்கும்.