ஆல்பம் படங்களை ஸ்கேன் செய்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் வரலாற்றுக் குழுவுக்கு வீடுகளிலிருந்து பழைய ஆல்பங்கள் இரவல் வருகின்றன. எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) வைக்கலாம்? பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரிக்கலாமா?

பதில் 1: அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3000-க்குக் குறையக் கூடாது. ஜேபெக் (JPEG) கோப்பு பகிர மட்டும். திருத்தித் திருத்திச் சேமித்தால் தரம் தேய்ந்துகொண்டே போகும்.

பதில் 2: பிரிக்கவே வேண்டாம். இழுத்தால் மேற்பூச்சு உரிந்துவிடும். பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். தனிப் படங்களின் பின்னால் எண் போட மென்மையான பென்சில்தான். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறைமேல் எழுதுங்கள்.

பதில் 3: ஒப்புதல் படிவத்தை யாரும் சொல்லவில்லையே! கொடுத்தவர் யார், படம் எடுத்தவர் யார், இணையத்தில் போடலாமா என்பதை வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். படம் வைத்திருப்பவருக்கே பதிப்புரிமை என்று ஆகாது; பல நேரம் அது எடுத்தவரிடம் இருக்கும்.