டயர் மாத்துனப்புறம் மைலேஜ் 11.5ல இருந்து 8.2க்கு வந்துருச்சு, இன்ஜெக்டர் தான் காரணமா? உதவி பண்ணுங்க

மலைப்பாதை:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2.5 லிட்டர் காமன் ரெயில் டர்போ டீசல், மேனுவல் கியர், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி டயர் 235/75 ஆர்15 இருந்த வரைக்கும் ரோடும் காட்டுப்பாதையும் கலந்து ஓட்டுனா 11.5 குடுத்துட்டு இருந்துச்சு. அப்புறம் 31 இன்ச் மட் டயர், முன்னாடி இரும்பு பம்பர், வின்ச் (மாட்டிக்கிட்ட வண்டிய கயிறு சுத்தி இழுக்குற மோட்டார்), மேல ரூஃப் ரேக் எல்லாம் போட்டேன், 9.5க்கு எறங்குச்சு, வெயிட்டு ஏறுனா குறையத்தான் செய்யும்னு அத விட்டுட்டேன். ஆனா மழைக்காலம் முழுக்க சேத்துலயும் ஓடைத் தண்ணிலயும் ஓட்டுனதுக்கு அப்புறம் 8.2 தான் வருது, எவ்ளோ பாத்து ஓட்டுனாலும் அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. புகை இல்ல, இன்ஜின் லைட் எரியல, ஸ்டார்ட்டிங் நல்லா இருக்கு, இழுவை மட்டும் லேசா மந்தமா இருக்க மாதிரி தோணுது. ஒர்க்ஷாப்புல காட்டுனா நாலு இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள்ள டீசல பீச்சி அடிக்கிறது) மாத்தணும்னு சொல்றாங்க, அது பெரிய செலவு, மாத்தியும் சரியாகலன்னா என்ன பண்றதுன்னு கவலையா இருக்கு. மொதல்ல எங்க பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீசல்பிரியன்:
ஏர் ஃபில்டர் பாத்தீங்களா ப்ரோ? மண்ணு ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு அதான் மொதல்ல அடைக்கும். மாத்திப் பாருங்க, ஏறிரும்.

ஸ்பேனர்செட்:
தம்பி, இன்ஜெக்டர்ல இப்போதைக்கு கை வைக்காதீங்க. புகை இல்ல, ஐட்லிங் ஆட்டம் இல்ல, ஸ்டார்ட்டிங் சுளுவா இருக்குன்னா நாலும் ஒண்ணா கெட்டுப்போச்சுன்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். அப்படியே சந்தேகம்னாலும் ரிட்டர்ன் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் ஓஸையும் தனித்தனி பாட்டில்ல விட்டு ஐட்லிங்ல ஓடவிட்டா எது அதிகமா டீசல திருப்பி விடுதுன்னு கண்ணுக்கே தெரிஞ்சுரும். அந்த டெஸ்ட் பண்ணாம மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க.

ஏர் ஃபில்டர் பாக்கறது நல்லதுதான், ஆனா இந்த மாதிரி டர்போ டீசல்ல ஃபில்டர் அடைச்சா மொதல்ல இழுவை போகும், மேட்டுல கறுப்புப் புகை வரும், அதுக்கப்புறம் தான் மைலேஜ். புகையே இல்லாம இவ்ளோ எறங்காது.

மொதல்ல கணக்க சரி பண்ணுங்க. 235/75 ஆர்15 டயரோட விட்டம் 733 மில்லிமீட்டர் சொச்சம், 31 இன்ச்னா 787, அதாவது 7 சதவீதம் பெருசு. டயர் ஒரு சுத்து சுத்துனா வண்டி அதிக தூரம் போகுது, மீட்டருக்கு அது தெரியாது, பழைய டயர் கணக்குலயே கிலோமீட்டர் எண்ணிட்டு இருக்கும். உங்க 8.2 நிஜமான 8.2 இல்ல. வெயிட்டு ஏறுனா டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால முழுசா 7 வராது, ஜிபிஎஸ் போட்டு மீட்டர்ல 100 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க, ஜிபிஎஸ்ல எவ்ளோ காட்டுதோ அதான் உங்க வண்டிக்கான எண். ஸ்பீடோமீட்டர் முள்ள வெச்சு இந்தக் கணக்க போடாதீங்க, அத கம்பெனிலயே கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரி தான் வெச்சிருப்பாங்க.

அப்புறம் டேங்க் ஃபுல் பண்ணி திரும்ப ஃபுல் பண்ற முறைல தான் அளக்கணும், அதே பம்பு, கன்னு மொதல் தடவ தானா கட் ஆனதும் நிறுத்திடணும். காட்டுல லோ ரேஞ்சுல (ஃபோர் வீல் டிரைவோட மெதுவான இழுவை கியர்) மணிக்கணக்கா ஊர்ந்த டேங்க இந்தக் கணக்குல சேக்கவே கூடாது. அங்க கிலோமீட்டர் ஓடாது, ஆனா நேரம் ஓடும், டீசலும் ஓடும்.

இதெல்லாம் போக நான் கேக்க வேண்டியது மூணு. டயர்ல காத்து எவ்ளோ? ரோட்டுல நிதானமா போறப்போ டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது? சமதளத்துல நியூட்ரல்ல விட்டா வண்டி முன்ன மாதிரி உருண்டு போகுதா, சீக்கிரமே நின்னுடுதா?

மலைப்பாதை:
ரொம்ப நன்றிண்ணே, இவ்ளோ விவரமா யாரும் சொல்லல. காத்து முன்னாடி 32, பின்னாடி 34 பிஎஸ்ஐ, மணல்ல எறக்குனாலும் ரோட்டுக்கு வந்ததும் கம்ப்ரசர் வெச்சு ஏத்திருவேன். முள்ளு நடுவுக்கு ஒரு கோடு கீழ நிக்குது, முன்னாடி நடுவுல இருந்த ஞாபகம். நியூட்ரல்ல உருள்றது நீங்க கேட்டதும் தான் போய் பாத்தேன், கொஞ்ச தூரத்துலயே நின்னுடுது. ஜிபிஎஸ்ல பாத்தா மீட்டர் 100க்கு 106 வருது. அப்போ நிஜம் 8.7.

ஸ்பேனர்செட்:
அப்போ ரெண்டு எடத்துல பாருங்க, ரெண்டுமே செலவு கம்மி.

ஒண்ணு பிரேக் பிடிச்சுட்டு நிக்கறது. சேத்துல ஓடுற வண்டிக்கு காலிப்பர் (பேட வெச்சு டிஸ்க அமுக்குற பாகம்) நகர்ற ஸ்லைடு பின்ல ரப்பர் பூட் கிழிஞ்சு மண்ணு உள்ள போய் பின்னு இறுகிடும், பெடல விட்டாலும் பேடு டிஸ்க விட்டு முழுசா வெலகாது. ஒரு 15, 20 கிலோமீட்டர் பிரேக்க அதிகம் தொடாம ஓட்டிட்டு வந்து, கடைசிலயும் பிரேக் அடிக்காம மெதுவா உருள விட்டு நிறுத்தி, ஒவ்வொரு வீலோட ரிம்முக்கும் பக்கத்துல கைய கொண்டு போங்க, டிஸ்க தொட்டுடாதீங்க, தோலு உரிஞ்சுரும். டெம்பரேச்சர் கன் இருந்தா இன்னும் நல்லது. எடது வலதுக்கு பெரிய வித்தியாசம் இருந்தா சூடு அதிகமா இருக்க வீல ஜாக்கில தூக்கி கையால சுத்துங்க. இறுகி இருந்தா ப்ளீட் நிப்பிள லேசா தொறந்து பாருங்க. தொறந்ததும் வீலு ஃப்ரீயா சுத்துனா உள்ள பிரஷர் மாட்டிட்டு நிக்குதுன்னு அர்த்தம், பெரும்பாலும் பிரேக் ஓஸ் உள்பக்கம் ஊதி அடைச்சிருக்கும். தொறந்தும் இறுக்கமாவே இருந்தா பின்னு இல்லன்னா பிஸ்டன். பாத்து முடிஞ்சதும் நிப்பிள டைட் பண்ணி லைன்ல இருக்க காத்து எடுத்துடுங்க, பிரேக் ஆயில் லெவல் பாக்காம வண்டிய எடுக்காதீங்க. பின்னாடி டிரம்முன்னா கழட்டி உள்ள காஞ்சு போயிருக்க சேத்த சுத்தமா எடுங்க.

ஆட்டோ லாக் ஹப்புன்னா (ஃபோர் வீல்ல முன் வீல ஆக்சிலோட தானா சேத்து, டூ வீல்ல பிரிச்சு விடுறது) அதையும் பாருங்க, டூ வீல் டிரைவ்ல போட்டு முன் வீல தூக்கி சுத்துனா ஆக்சில் ஷாஃப்ட்டும் கூடவே சுத்துச்சுன்னா ஹப்பு விடலன்னு அர்த்தம், முன் டிஃபரென்ஷியல சும்மா இழுத்துட்டு ஓடுறீங்க. தண்ணில எறங்குன வண்டிங்கறதால டிஃபரென்ஷியல் ஆயிலயும் கொஞ்சம் எடுத்துப் பாருங்க, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு.

ரெண்டாவது தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலன்ட ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வெக்கிற வால்வு. தொறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னா இன்ஜின் சூடே ஏறாது, வண்டி ஓட ஓட ரேடியேட்டர் அத குளிர வெச்சுட்டே இருக்கும். ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) இன்னும் வார்ம் அப் ஆகலன்னு நெனச்சு டீசல அதுக்கு ஏத்த மாதிரி குடுக்கும், ஆயிலும் கெட்டியாவே ஓடும். டிபிஎஃப் (புகைக்கரி பிடிக்கிற ஃபில்டர்) இருக்க வண்டின்னா அந்தக் கரிய எரிக்கிற ரீஜெனும் ஒழுங்கா முடியாது. டாஷ்போர்டு முள்ள நம்பாதீங்க, ஓபிடி (வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து அளவு படிக்கிற ஸ்கேனர்) போட்டு கூலன்ட் டிகிரிய பாருங்க, 85க்கு மேல நிக்கணும். காலைல ஜில்லுனு இருக்கப்போ ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டரோட மேல் ஓஸ தொட்டுட்டே இருங்க. நல்ல தெர்மோஸ்டாட்னா ரொம்ப நேரம் ஜில்லுனே இருந்துட்டு திடீர்னு சூடாகும், தொறந்து மாட்டுனதுன்னா ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுன்னு ஏறும்.

பெட்ரோல்வண்டி:
நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே பிரச்சனை, ஆனா பெட்ரோல் இன்ஜின். ஓபிடில ஃப்யூவல் ட்ரிம் பிளஸ் 18 காட்டுது. என்ன அர்த்தம்?

ஸ்பேனர்செட்:
ஃப்யூவல் ட்ரிம்னா ஈசியூ பெட்ரோல எவ்ளோ சதவீதம் கூட்டி குறைச்சு சரி பண்ணுதுங்கற எண். பிளஸ்னா கூட்டிக் குடுக்குது, அதாவது கணக்குல வராத காத்து எங்கயோ உள்ள போகுது, இல்ல காத்து அளக்குற சென்சார் கம்மியா அளக்குது. ஆயில் தடவுற ஃபில்டர் போட்டிருந்தா அந்த ஆயில் காத்து அளக்குற அந்த மாஃப் சென்சார் கம்பில ஒட்டியிருக்கும், அதுக்குன்னு விக்கிற க்ளீனர் ஸ்ப்ரே அடிங்க, கம்பிய தொட வேணாம். இன்டேக் ஓஸ்ல வெடிப்பு, வேக்வம் ஓஸ் லீக், ஃப்யூவல் பிரஷர் எல்லாம் பாக்கணும். லாங் டெர்ம் ட்ரிம் (ரொம்ப நேரத்து சராசரி) பிளஸ்ஸோ மைனஸோ 10க்குள்ள இருந்தா பயமில்ல. வண்டி விவரத்தோட தனியா ஒரு கேள்வி போடுங்க தம்பி, இங்க ரெண்டும் கலந்துட்டா குழப்பம் தான்.

தார்ரோடு:
மலைப்பாதை ப்ரோ, ரூஃப் ரேக்க கழட்டி வெச்சுட்டு ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்க. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், 80ல போறதுக்கும் 100ல போறதுக்கும் அந்த எதிர்ப்பு மட்டும் 56 சதவீதம் கூட. பொட்டி மாதிரி இருக்க வண்டிக்கு மேல ரேக்கு, லைட்டு, கேன் எல்லாம் வெச்சா ரோட்டுல நல்லாவே தெரியும். காட்டுக்குள்ள 20ல போறப்போ ரேக்கால ஒண்ணும் ஆகாது, அங்க வெயிட்டு தான் கணக்கு.

இன்னொண்ணு, பெரிய டயர் போட்டதால கியர் எல்லாம் நீளமாயிருச்சு, முன்ன அஞ்சாவதுல ஏறுன மேட்டுல இப்போ நாலாவதுல ஏறுறது தான் சரி. அஞ்சுலயே ஆக்சிலேட்டர அமுக்கிட்டு ஏத்துனா இன்ஜின் திணறும், மைலேஜும் போகும்.

மலைப்பாதை:
அண்ணே, பாத்துட்டேன். ஓபிடில கூலன்ட் 68 டிகிரி, ஹைவேல எவ்ளோ நேரம் போனாலும் அதுக்கு மேல ஏறல. தெர்மோஸ்டாட்ட கழட்டிப் பாத்தா வால்வுல ஒரு பக்கம் துரு மாதிரி படிஞ்சு, சாய்ஞ்சு தொறந்தே நிக்குது, கண்ணால பாத்தாலே நடுவுல இடைவெளி தெரியுது. அதே மாதிரி முன் வலது வீல் டிஸ்க்கு 140 டிகிரி, இடது 60. ஜாக்கில தூக்குனா ரெண்டு கையால இழுத்தா தான் சுத்துது, நிப்பிள தொறந்தும் அப்படியே தான், அதனால ஓஸ் இல்லன்னு தெரிஞ்சுருச்சு. கீழ் ஸ்லைடு பின்னு சுத்தியால தட்டித்தான் வெளிய வந்துச்சு, மண்ணும் துருவும் சேந்து சிமெண்ட் மாதிரி ஒட்டியிருந்துச்சு, அந்தப் பக்க பேடு ஆப்பு மாதிரி சாய்வா தேஞ்சிருக்கு. ஹப்பும் டிஃபரென்ஷியல் ஆயிலும் நல்லா இருக்கு.

தெர்மோஸ்டாட் புதுசு போட்டு கூலன்ட்டும் மாத்தியாச்சு, பின்னு, பூட், முன் ரெண்டு பக்கமும் பேடு மாத்தியாச்சு. இப்போ டெம்பரேச்சர் 88ல நிக்குது, மீட்டர் கணக்குல 9.4, ஜிபிஎஸ் கணக்குல 10 கிட்ட வருது. நியூட்ரல்ல விட்டா பழையபடி உருளுது, இழுவைல இருந்த மந்தமும் போயிருச்சு. இன்ஜெக்டருக்கு எடுத்து வெச்ச காசு அப்படியே இருக்கு. ரொம்ப ரொம்ப நன்றிண்ணே, எல்லாருக்கும்.

மிச்சம் 1.5 டயர், வெயிட்டு, ரேக்கு தான்னு எடுத்துக்கலாமா? அப்புறம் பின்னுக்கு என்ன கிரீஸ் போடணும், ஒர்க்ஷாப்புல சாதா கிரீஸ் தான் தடவுனாங்க.

ஸ்பேனர்செட்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆமா, மிச்சம் அதான், 31 இன்ச் மட் டயரும் வின்ச்சும் வெச்சுட்டு 11.5 வராது, 10ங்கறது இந்த வண்டிக்கு நியாயமான எண். ரேக்க தேவைப்படுறப்போ மட்டும் மாட்டுனா கொஞ்சம் ஏறும்.

அந்த சாதா கிரீஸ மட்டும் உடனே மாத்துங்க. அதுல இருக்க மினரல் ஆயில் ரப்பர் பூட்ட ஊத வெச்சுடும், ஊதுனா பின்னு திரும்ப இறுகும். பின்ன கழட்டி பிரேக் க்ளீனர்ல சுத்தமா கழுவி, பிரேக்குக்குன்னு வர்ற சிலிக்கான் கிரீஸ் மெல்லிசா தடவி போடுங்க, பூட் இப்பவே ஊதியிருந்தா அதையும் மாத்திடுங்க. இடது பக்கமும் அதே கிரீஸ் தான் போட்டிருப்பாங்க, அதையும் கழட்டிப் பாருங்க. இனிமே ஆழமான சேத்துல எறங்கிட்டு வந்தா வீலுக்கு உள்பக்கம் காலிப்பர் மேலயும் தண்ணி அடிச்சு கழுவுங்க, ஆனா ஹை பிரஷர் கன்ன பூட்டுக்கு நேரா வெக்காதீங்க.