அடையாற்றங்கரையில் மனை: "நூறாண்டு வெள்ளம்" என்றால் என்ன பொருள்?

கேள்வி (மனை தேடுபவர்):
சென்னைக்கு அருகே முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் இடையில், அடையாற்றிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளி ஒரு மனையைப் பார்த்திருக்கிறோம். வயதான பெற்றோருடன் குடியேற எண்ணம். "2015இல் வந்தது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம், அதுவும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்தது, இனி நம் காலத்தில் வராது" என்கிறார் விற்பவர். பட்டாவிலும் வில்லங்கச் சான்றிதழிலும் குறையில்லை. வெள்ளச் சமவெளி, வெள்ளப் பாதை, வெள்ள மட்டம் என்று படிக்கும் சொற்களுக்குள் என்ன வேறுபாடு? விற்பவர் சொல்வதை நம்பலாமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்):
"நூறாண்டு வெள்ளம்" என்ற பெயரே மக்களைத் தவறான முடிவுக்குக் கொண்டு செல்கிறது. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 100இல் 1 பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக இந்த ஆண்டு அந்த வாய்ப்பு குறைவதில்லை. 30 ஆண்டு வீட்டுக்கடன் வாங்கினால், கடன் முடிவதற்குள் அத்தகைய வெள்ளம் ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. மேலும், அந்தக் கணக்கு பழைய மழைப் பதிவுகளையும் பழைய நிலப்பரப்பையும் கொண்டு போடப்படுவது. வயலும் ஏரியும் இருந்த இடத்தில் கான்கிரீட் வந்தபின் அதே மழை கூடுதல் நீராக, விரைவாக ஆற்றில் இறங்கும் என்பதால், பழைய கணக்கில் அரிதாக இருந்த மட்டத்தை இன்று அடிக்கடி எட்டும்.

இனி உங்கள் சொற்கள். ஆறு கரை புரளும்போது நீர் பரவும் தாழ்நிலம் முழுவதும் வெள்ளச் சமவெளி. அதற்குள் நீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும் பகுதி வெள்ளப் பாதை. அங்கே கட்டினால் வீட்டுக்கு மட்டுமன்றி, நீரைத் தடுத்து மேல்புறத்தில் உள்ளவர்களுக்கும் கேடு. பாதைக்கு வெளியே நீர் தேங்கி நிற்கும் பகுதி வெள்ள விளிம்பு. வெள்ள மட்டம் என்பது நீர் எட்டும் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டுச் சொல்வது. ஆகவே 400 மீட்டர் என்ற தொலைவு மட்டும் எதையும் உறுதிசெய்யாது. வெள்ள மட்டத்தைவிட உங்கள் தரை எவ்வளவு உயரம் என்பதே கேள்வி.

செம்பரம்பாக்கம் பற்றி விற்பவர் சொல்வது உங்கள் இடத்துக்குப் பொருந்தாது. அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது; முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேல்புறத்தில் உள்ளன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தது கீழ்ப்புறத்தில் உள்ள சைதாப்பேட்டையைப் பாதித்ததுபோல் உங்கள் பகுதியைப் பாதித்திருக்க முடியாது. உங்களிடம் வரும் நீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் அமைப்பு) வழியே வழிவது.

மறுமொழி (வரதராஜபுரவாசி):
நாங்கள் இங்கே 2009இலிருந்து இருக்கிறோம். 2015இல் ஒருமுறை அன்று, இருமுறை எங்கள் பகுதி மூழ்கியது: நவம்பர் நடுவில் ஒன்று, டிசம்பர் தொடக்கத்தில் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் தரைத்தளத்தில் நீர் நின்றது. நூறாண்டுக் கணக்கைக் கேட்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. என் தாயாரை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுசென்ற இரவை நான் மறக்கவில்லை. மனையைச் சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களில் நீர்க்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர்களை விடவும், அங்கே வாடகைக்கு இருந்தவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு மறைக்க எதுவுமில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த நிலம் நஞ்சை என்று உள்ளது. நான்கு அடி மண் நிரப்பித் தருவதாக விற்பவர் சொல்கிறார். இவை ஏதேனும் உணர்த்துகின்றனவா?

மறுமொழி (நில அளவையர்):
நஞ்சை என்ற ஒரு சொல்லே பெரிய செய்தி. ஏரியின் மதகிலிருந்து நீர் தானாக இறங்கிப் பாய்ந்ததால்தான் பெரும்பாலும் அந்த நிலம் நஞ்சையாகப் பதிவாகியிருக்கும். அப்படியானால் அது ஏரியைவிடத் தாழ்ந்த ஆயக்கட்டு நிலம், அதாவது அந்த ஏரி நீரால் பாசனம் பெற்ற நிலம். வில்லங்கச் சான்றிதழ் பத்திரப் பரிமாற்றங்களை மட்டுமே காட்டும், நீரைப் பற்றி எதுவும் சொல்லாது. பழைய கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் வாங்கி, மனைக்கு அருகில் ஓடையோ வாய்க்காலோ புறம்போக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்று அங்கே தார்ச்சாலை இருந்தாலும் மழைநீர் அந்த வழியைத் தேடியே வரும்.

மறுமொழி (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்):
மண் நிரப்பினால் உங்கள் தரை உயரும், ஆனால் அந்த இடத்தில் நிற்க வேண்டிய நீர் அண்டை வீட்டுக்குப் போகும், சாலையோ மூழ்கியே கிடக்கும். முதியவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழி வேண்டுமல்லவா? வெள்ளச் சமவெளியில் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்தும் மாதிரிச் சட்ட வரைவை மத்திய அரசு 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற மிகச் சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. எனவே இங்கே மனைக்கு அங்கீகாரம் இருப்பதையே வெள்ளத்துக்கு எதிரான உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் அளவையரை அழைத்து, உயர வேறுபாட்டை அளக்கும் ஆட்டோ லெவல் கருவியால் மனையின் தரைமட்டத்தையும், பக்கத்துச் சுவரில் உள்ள 2015 நீர்க்கறையின் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான். கைப்பேசி வரைபடங்கள் காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கக்கூடும் என்பதால் அதை நம்பிக் கணக்கிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
முன்பணம் கொடுப்பதை நிறுத்தி வைத்துவிட்டேன். ஞாயிறன்று அளவையருடன் செல்கிறோம். கறையின் மட்டத்தையும் மனையின் மட்டத்தையும் இங்கே எழுதுகிறேன்.