பழைய குட்டி ஸ்போர்ட்ஸ் கார்: 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) தொடர்ந்து ஓட்டலாமா?

கேள்வி:
என்னிடம் இருப்பது 1963 எம்ஜி மிட்ஜெட், 1098 சிசி. ஊருக்குள் ஒரு தொல்லையும் இல்லை, நெடுஞ்சாலையில் ஏறினால்தான் பயம். நாலு கியர்தான், ஓவர்டிரைவ் (அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கிடையாது. மற்ற வண்டிகளோடு சேர்ந்து போக நினைத்தாலே ஆர்பிஎம் முள் 4500-இல் நிற்கிறது, கொஞ்சம் மிதித்தால் 5000. அந்தச் சத்தத்தில் மனம் நிம்மதியாக இருப்பதில்லை. ஆனால் அதே அறுபதுகளில் வந்த ஹோண்டா எஸ்800, 8000 வரை போகிறதே, அது இதைவிடச் சின்ன இன்ஜின்தானே? ஒரு மணி நேரம் 5000-இல் வைத்து ஓட்டினால் தாங்குமா?

பதில் 1:
ஹோண்டாவோடு ஒப்பிடாதீர்கள். அது 791 சிசி, இரட்டை கேம் ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு), கிராங்க்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ரோலர் பேரிங், 70 குதிரைத்திறன் வருவதே 8000-இல்தான், அதாவது அப்படி ஓடுவதற்கென்றே செய்தது. உங்களுடையது 1951-இல் ஆஸ்டின் ஏ30 என்ற குடும்பக் காருக்காக 803 சிசியில் வந்த புஷ்ராட் (நீண்ட கம்பிகள் வழியே வால்வைத் திறக்கும்) இன்ஜினைப் பெரிதாக்கியது. நாலு சிலிண்டர், ஆனால் கிராங்க்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங், ஸ்ட்ரோக்கோ (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83.7 மிமீ. வேகம் கூடினால் கிராங்க் நடுவில் வளைந்து கொடுக்கும். உங்கள் வருடத்து இன்ஜினில் மெயின் ஜர்னல் (அந்த பேரிங்கில் உட்காரும் கிராங்க் பகுதி) 1.75 அங்குலம், 1964-இல் அதை 2 அங்குலமாகத் தடிமனாக்கினார்கள். பழையது போதவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இன்னொன்று, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடில் விழும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 5000-இலிருந்து 6000 போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, இழுவிசை 44 சதவீதம். அதனால் 6000 பக்கம் போகவே வேண்டாம்.

பதில் 2:
கிராங்க் விஷயம் சரி, ஆனால் 5000-க்கே இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 5000-இல் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 14 மீட்டர்கூட இல்லை, எஸ்800-இல் 8000-க்கு அது 18.7. பேரிங் நல்ல நிலையில் இருந்தால் இன்ஜின் தாங்கும். கொல்வது சூடும் ஆயிலும்தான். சும்மா ஒரு தடவை ஓவர்டேக் செய்ய 5500 தொட்டால் ஒன்றும் ஆகாது, அரை மணி நேரம் ஒரே மிதியில் போகும்போதுதான் ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கில் படலம் மெலிகிறது. எனவே முள்ளை விட ஆயில் பிரஷரைப் பாருங்கள். சூடான பிறகு ஓடும்போது 40 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் காலை எடுத்துவிடுங்கள். அடியிலிருந்து கடகடவென்று கனத்த சத்தம் கேட்டால் அன்றைக்கு ஓட்டவே கூடாது.

பதில் 3:
இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் கியரை மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். உங்கள் பின் ஆக்சில் 4.22 விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 4.22 சுற்றுச் சுற்ற வேண்டும். பிந்தைய மிட்ஜெட்டில் வந்த 3.9 போட்டால் இப்போது 5000-இல் போகும் வேகத்துக்கு 4600 சொச்சம் போதும். ஏற்றத்தில் கொஞ்சம் இழுவை குறையும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரைச் சரிபாருங்கள், இந்த வயதில் அது காட்டும் 5000 உண்மையில் 4600-ஆகவும் இருக்கலாம், 5400-ஆகவும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முதலில் டாக்கோமீட்டரையும் ஆயில் பிரஷரையும் பார்க்கிறேன், அப்புறம் 3.9 தேடுகிறேன். அதுவரை 4500-க்கு மேல் வைத்து ஓட்டப்போவதில்லை.