டைமிங் செயின் மாற்றிய பிறகு வண்டி இழுக்கவில்லை, சனிக்கிழமைக்குள் உதவி வேண்டும்

காட்பாடி சவாரி (புதன், காலை 6.12)
அண்ணன்மார்களே, அவசரம். வால்வுகளை ஓட்டும் டைமிங் செயினை மாற்றி நாலு நாள் ஆகிறது, வண்டி இழுக்கவே இல்லை. விடியற்காலை ரயில் சவாரிக்கு எடுத்தால் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது, பின்னால் ஒரே வெள்ளைப் புகை. காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வேலை செய்கிற மாதிரியே தெரியவில்லை. சனிக்கிழமை ஏலகிரிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போக முன்பணம் வாங்கிவிட்டேன். எதைப் பார்க்கச் சொல்வது?

ஆம்பூர் கியர் (6.40)
இன்னா வண்டி? எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர்? செயின் மட்டும் மாற்றினீர்களா, இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டையும் இறக்கினீர்களா? இதெல்லாம் சொல்லாமல் என்ன பதில் எழுதுவது தம்பி?

டர்போ தாஸ் (6.58)
டர்போதான். உள்ளே விஜிடி வேன்களில், அதாவது புகையைத் திருப்பும் நகரும் தகடுகளில், கரி பிடித்து இறுகியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் பறக்கும். எங்கள் எர்டிகாவில் இதே கதை.

ஸ்பேனர் 17 (7.25)
இதே கேள்விக்கு இங்கே நான் மட்டுமே ஏழெட்டு முறை பதில் எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. வண்டி ஓட்டிச் சம்பாதிப்பவருக்குத் தன் இன்ஜின் எது என்று எழுதக்கூடத் தோன்றவில்லை. ஸ்கேனர் போட்டீர்களா? என்ன பிழைக் கோட் வந்தது? அது இல்லாமல் மேலே பேச ஒன்றும் இல்லை.

காட்பாடி சவாரி (காலை 11.30)
மன்னிக்கணும், பேஷண்ட் சவாரியில் இருந்தேன். டிசையர் டீசல், 2012, 2,38,000 கிலோமீட்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் சலசலவென்று சத்தம் போட்டது, அதனால் செயின், அதை இறுக்கும் டென்ஷனர், கைடு எல்லாம் மாற்றினோம். ஹெட்டைத் தொடவில்லை. மெக்கானிக் பன்னிரண்டு வருஷப் பழக்கம், குறை சொல்ல மாட்டேன். இன்ஜின் எச்சரிக்கை மஞ்சள் விளக்கு எரிகிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆம்பூர் கியர் (11.41)
மஞ்சள் விளக்கை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! அப்புறம், தாஸ், இது 75 குதிரைத்திறன் இன்ஜின். இதன் டர்போவில் வேன் கிடையாது, சாதா வேஸ்ட்கேட்தான், மிஞ்சும் புகையை டர்போவுக்குப் போகாமல் வெளியே விடும் கதவு. நீங்கள் சொல்லும் விஜிடி 90 குதிரைத்திறன் இன்ஜினில் வருவது. கழற்றச் சொல்லிச் செலவு வைக்காதீர்கள்.

டர்போ தாஸ் (11.55)
சரி, வேன் இல்லை. வேஸ்ட்கேட் திறந்தபடியே நின்றிருந்தாலும் இழுக்காதே? ஹோஸ் கிழிந்திருந்தாலும் அப்படித்தான். நான் டர்போ பக்கம்தான்.

ஆற்காட்டு நைனா (பகல் 12.20)
நைனா, செயின் மாற்றியபோது டீசல் பம்ப் டைமிங் பின்னால் போயிருக்கும். கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, டீசலை முன்னாடியே பீய்ச்ச வைத்தால் வெள்ளைப் புகை நின்றுவிடும். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை.

ஸ்பேனர் 17 (12.31)
ஐயா, அது பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளுக்குச் சரி. இது காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய். பம்ப் அழுத்தத்தை மட்டும்தான் தருகிறது. எப்போது பீய்ச்சுவது என்பதை ஈசியூ கம்ப்யூட்டர், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் சென்சாரைப் பார்த்து முடிவு செய்கிறது. பம்பில் அட்வான்ஸ் கொடுக்க இடமே இல்லை. இந்தக் காலத்தில் இதுகூடத் தெரியாமல் பதில் எழுதினால் கேட்பவர் கதி என்ன?

ஆற்காட்டு நைனா (12.50)
தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நீங்கள் சொல்லும் விதம்தான் சரியில்லை. அனுபவத்துக்குக் கொஞ்சம் மரியாதை கொடுங்கள்.

ராணுவப்பேட்டை (மாலை 4.05)
கம்மவான்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷம் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் இஎம்இ பிரிவு, அதில் நாலு வருஷம் லடாக்கில் லே பக்கம். தம்பி சொன்ன அறிகுறிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நேரத்தில் ஸ்டார்ட் கஷ்டம், வெள்ளைப் புகை, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை இல்லை. மூன்றும் செயின் வேலைக்குப் பிறகு ஒரே நாளில் வந்தவை. டர்போ இத்தனை பொருத்தமாக அதே நாளில் கெட்டுப்போகாது. செல்ஃப் அடிக்கும்போது டர்போ காற்றைத் தள்ளும் அளவுக்குச் சுழல்வதே இல்லை என்பதால், காலை ஸ்டார்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமும் கிடையாது.

செயின் வழியாகக் கிராங்க் சுழற்றும் கேம் தண்டுதான் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கேம் தாமதமாகிவிட்டால், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வ் மூட வேண்டிய நேரம் தாண்டியும் திறந்திருக்கும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கியதும், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். மீதிதான் அழுத்தப்படும். கம்ப்ரஷன் விகிதம் 17.6:1 என்று புத்தகத்தில் இருந்தாலும் சிலிண்டருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. டீசலைப் பற்றவைப்பது அந்த அழுத்தத்தில் வரும் சூடுதானே? சூடு போதவில்லை என்றால் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், கேமில் 5 டிகிரி பிசகினால் கிராங்க் கணக்கில் அது 10 டிகிரி. சின்ன விஷயம் இல்லை.

நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வ், ரிங், கேஸ்கட் பக்கம் போகலாம். நாலும் ஒரே அளவு குறைந்தால் டைமிங். ஆனால் அதற்கு முன்னால் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்துவிடுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் நாலும் ஒரே மாதிரி குறைத்துத்தான் காட்டும். அதை நம்பி இன்ஜினைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஏலகிரி 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 88 சதவீதம்தான். இங்கேயே மூச்சு வாங்கும் இன்ஜினோடு 14 கொண்டை ஊசி வளைவில் குழந்தை குட்டிகளை ஏற்றிப் போகாதீர்கள்.

ரீமேப் ரசிகன் (5.15)
ஐயா, அருமை. ஒரு சந்தேகம். வெளிநாட்டில் பனியில் ஓட்டும் டர்போ வண்டிகளுக்குத் தடிமனான ஹெட் கேஸ்கட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைத்து, கேம் கியரை நகர்த்தி, டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டை ஏற்றுகிறார்களே? உதாரணத்துக்கு யமஹா சைட்வைண்டர் பனிவண்டி, 998 சிசி, மூன்று சிலிண்டர். கம்ப்ரஷன் குறைவது நல்லதுதான் என்றால், இந்த டிசையரில் ரீமேப் செய்து, அதாவது ஈசியூ புரோகிராமை மாற்றி, பூஸ்ட்டைக் கூட்டி ஈடுகட்ட முடியாதா?

ராணுவப்பேட்டை (5.48)
நல்ல கேள்வி. அது பெட்ரோல், தம்பி. பெட்ரோலில் கம்ப்ரஷனும் பூஸ்ட்டும் சேர்ந்து ஏறினால் கலவை தானாக வெடித்து நாக்கிங் வரும், பிஸ்டனே ஓட்டையாகும். அதனால் ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்றுகிறார்கள். கேமை நகர்த்துவதும் அளந்துதான். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடிவிட்டால் பூஸ்ட் காற்று நேராக எக்ஸாஸ்ட்டில் போய்விடும். டிகிரி வட்டு மாட்டி, டயல் கேஜ் வைத்து, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று பார்த்துச் செய்கிற வேலை அது. இங்கே நடந்திருப்பது அளக்காமல் நகர்ந்தது. டீசலில் தானாகப் பற்ற வேண்டும் என்பதுதான் நமக்குத் தேவையே.

ரீமேப் ரசிகன் (6.02)
டீசலிலும் புதிய மாடல்களில் கம்ப்ரஷனைக் குறைத்துக்கொண்டேதானே வருகிறார்கள்?

ஸ்பேனர் 17 (6.10)
கம்பெனி குறைத்தால் பிஸ்டன் கிண்ணம், இன்ஜெக்டர், குளிரில் சூடேற்றும் குளோ பிளக் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிக் குறைக்கிறது. நீங்கள் கேஸ்கட்டை மட்டும் மாற்றிவிட்டு அதே கணக்கைச் சொல்வீர்களா? தனி இழை தொடங்குங்கள்.

டர்போ தாஸ் (6.30)
ஒரு கேள்வி கேட்டதற்கு ஏன் இப்படிப் பாய்கிறீர்கள்? இந்தத் தொனிக்குப் பயந்துதான் புதியவர்கள் வருவதில்லை.

ஆற்காட்டு நைனா (6.44)
அதைத்தான் நான் மதியமே சொன்னேன்.

ஆம்பூர் கியர் (7.20)
சண்டையை நிறுத்துங்கள், அவருக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. சவாரி அண்ணா, கம்ப்ரஷன் கேஜ் டீசலுக்கானதா என்று பாருங்கள், பெட்ரோல் கேஜ் தாங்காது. அளக்கக் குளோ பிளக்கைக் கழற்ற வேண்டும். 2,38,000 ஓடிய ஹெட்டில் அது ஒட்டிப்போயிருக்கும். முதல் நாள் இரவே துருவை விடுவிக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மெதுவாக விடுவியுங்கள். முறிந்தால் ஹெட்டை இறக்க வேண்டி வரலாம். கழற்றுவதற்கு முன்னால் ஒரு ஸ்கேன் போட்டுவிடுங்கள், அது பத்து நிமிஷ வேலை.

காட்பாடி சவாரி (வியாழன், பகல் 1.15)
ஸ்கேன் போட்டேன், பி0016. பேட்டரி சார்ஜ் ஏற்றிக் கம்ப்ரஷன் பார்த்தோம்: 19, 19, 18, 19 பார். குளோ பிளக் நாலும் முறியாமல் வந்துவிட்டது. மெக்கானிக் பெயிண்ட் மார்க் வைத்துத்தான் கட்டினாராம், மார்க் சரியாகவே இருக்கிறது என்கிறார்.

ராணுவப்பேட்டை (1.40)
நாலும் சேர்ந்து குறைவு. பி0016 கோடும், கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்றே சொல்கிறது. வேறு சாட்சி வேண்டாம். பெயிண்ட் மார்க் பழைய செயினோடு வைத்த மார்க். பழைய செயின் நீண்டிருந்ததால்தானே சத்தம் போட்டது? நீண்ட செயினில் கேம் ஏற்கெனவே பின்தங்கித்தான் இருந்திருக்கும். அந்தப் பிசகையே அடையாளம் வைத்துப் புதுச் செயினில் திரும்பக் கட்டினால் பல் மாறி உட்காரத்தான் செய்யும். மெக்கானிக்கிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்.

இந்த இன்ஜினுக்குக் கேமை நகராமல் பூட்டும் ஊசி மாதிரியான பின்னும் கிராங்க்கைப் பூட்டும் பின்னும் தனியாக வருகின்றன. இரண்டையும் போட்டுத்தான் செயின் கட்ட வேண்டும். டென்ஷனரை விடுவித்த பிறகு பின்களைக் கழற்றி, கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள், அது வால்வ் பிஸ்டனில் தட்டுவது. இரண்டு சுற்று முடிந்ததும் பின்கள் விரலால் தள்ளினாலே நுழைய வேண்டும். பாதி நுழைந்து நின்றால் சுத்தியல் எடுக்காதீர்கள், திரும்பக் கட்டுங்கள்.

ஸ்பேனர் 17 (2.05)
பின் செட் என்னிடம் இருக்கிறது. சத்துவாச்சாரியில் இருக்கிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள், மாலை வந்து வாங்கிக்கொள்ளலாம். வாடகை வேண்டாம். திருப்பிக் கொடுத்தால் போதும்.

ஆற்காட்டு நைனா (2.30)
நல்ல மனசு. நேற்றுப் பேசியதை மறந்துவிடுங்கள். எனக்கும் ஒரு நாள் அந்தப் பின்னைக் காட்டுங்கள், பார்த்துக்கொள்கிறேன்.

காட்பாடி சவாரி (வெள்ளி, இரவு 10.50)
பிரிப்பதற்கு முன்னால், கட்டியிருந்தபடியே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தபோது கேம் பின் பாதியோடு நின்றுவிட்டது. ஒரு பல் பிசகியிருந்தது. பின்களைப் போட்டுத் திரும்பக் கட்டினோம். இப்போது நாலும் 26 பார் பக்கம். விளக்கு அணைந்துவிட்டது. பள்ளிகொண்டா டோல் வரை ஓட்டிப் பார்த்தேன், பழைய வண்டி கிடைத்துவிட்டது. நாளை ஐந்து மணிக்குக் கிளம்பணும். எல்லோருக்கும் நன்றி.

ஆம்பூர் கியர் (11.05)
சந்தோஷம். செயின் தேய்வதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் உண்டு. பழைய செயின் இருந்தபோது எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினீர்கள்? அதைச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும்.

ராணுவப்பேட்டை (சனி, காலை 7.30)
ஆமாம் தம்பி, அதைச் சொல்லுங்கள். காலை ஸ்டார்ட் எப்படி இருந்தது?

ஸ்பேனர் 17 (திங்கள், காலை 9.10)
பின் செட் கடைக்கு வந்து சேர்ந்தது. ஆயில் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.